ஞாயிற்றுக்கிழமை வராத மீன்

அத்தியாயம் ஒன்பது

சாட்சியத்தைக் குழம்பு வைத்துத் தின்ற துப்பறியும் உதவியாளன் இந்த மாவட்டத்திலேயே சைமன்ராஜ் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

"அதான் லேப்ல விஷம் கெடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களேக்கா. அப்புறம் எதுக்கு அது நம்ப ஃப்ரிட்ஜ்ல நடுங்கிகினு கெடக்கணும்? வூட்டுக்காரி வேற காடாம்புலியூருக்கு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா. மீனும் அனாதை, நானும் அனாதை. ஒண்ணா சேந்துட்டோம்."

உமாராணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அறிவிருக்கா சைமா? இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணை. பாதி மீன் ஆபீசருங்ககிட்ட, பாதி நம்மகிட்டன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"நம்ம பாதி நம்மகிட்டதான்க்கா இருக்குது. எடம்தான் மாறிப்போச்சு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான் சைமன்ராஜ்.

நெய்வேலி நகரியத்தின் எல்லைக்கு வெளியே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது உமாராணியின் துப்பறியும் நிலையம். துப்பறிவது என்று பெயர்தானே தவிர, வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா, நைட் ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்குப் போகிறானா, வழியில் எங்காவது நிற்கிறானா. வேலையை விடும் வரைக்கும் அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நகரியத்தில் பாதிப் பேரின் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும்.

இந்த மீன் வழக்கு மட்டும் தப்பித் தவறி வந்தது. கடலில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறிவிட்டதால் மீன் விலை ஆகாயத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு வாட்ஸப் குரூப் முளைத்தது. 'பிரெஷ் கடல் மீன், வீடு தேடி வரும்.' சொல்லி வைத்தால் விடியும் முன் நகரியத்து பிளாக்குகளில் குவார்ட்டர்ஸ் கேட்டில் கறுப்புக் கவர் தொங்கும். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களுக்குக் கடல் மீனும் தெரியாது, ஏரி மீனும் தெரியாது. வாங்கினார்கள். கசந்தது. மருந்து வைத்துப் பிடித்த மீன் என்று பீதி கிளம்பியது.

அதே வாரத்தில் வேலி போட்டு அடைத்த பழைய சுரங்கப் பள்ளத்துக் கரையில் அறுந்த வலையும் மீன் செதிலும் கிடைத்தன. அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கவே கூடாது. பிடித்தவன் யார், விற்றவன் யார் என்று பிளாக்குக்காரர்கள் உமாராணியிடம் வந்தார்கள். விற்றவனின் வாட்ஸப் எண் ஊருக்கே போய்விட்ட ஒரு வடநாட்டுத் தொழிலாளியின் பெயரில் இருந்தது. ஆனால் கவருக்குள் பூவரசு இலை இருந்தது. பூவரசு இலை வைத்து மீன் கொடுப்பது மார்க்கெட்டில் சகாயமேரி ஒருத்திதான்.

உமாராணி அறிக்கை எழுதினாள். முந்தாநாள் சகாயமேரியின் கடைக்குச் சீல் வைத்தார்கள். தடை செய்த தண்ணீரில் பிடித்த மீனை வாங்கியதற்கு ஒரு அபராதம், உரிமத்துக்கு வெளியே திருட்டுத்தனமாக விற்றதற்கு இன்னொரு அபராதம், இரண்டுக்கும் மேலே கடை உரிமம் ரத்து என்று நோட்டீஸ். இன்று நாலு மணிக்கு முடிவு சொல்லப் போகிறார்கள்.

"சரி, தின்னுட்டே. எப்படி இருந்துச்சு?"

"வால் துண்டு தேனுக்கா. வயித்துத் துண்டுதான் வேப்பங்கொட்டை. வாயில வெச்சதும் துப்பிட்டேன்."

உமாராணி நிமிர்ந்தாள். "ஒரே மீன்லயா?"

"ஒரே மீன், ஒரே சட்டி, ஒரே புளி."

"மருந்து வெச்சுப் பிடிச்சிருந்தா வாலும்தானே கசக்கணும்? மிச்சம் கொண்டாந்த டப்பாவைத் திற."

மிச்சமிருந்த வயிற்றுத் துண்டை ஸ்பூனால் புரட்டினாள். உள்பக்கம், முள்ளை ஒட்டி, மஞ்சளும் பச்சையுமாக ஒரு கறை. குழம்பின் சிவப்பிலும் அது தனியாகத் தெரிந்தது.

"பித்தப்பை" என்றாள். "அறுக்கும்போது பித்தப்பையைக் குத்தி உடைச்சிருக்காங்க. மருந்துமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. சைமா, சகாயமேரி பித்தப்பையை உடைப்பாளா?"

சைமன்ராஜ் சிரித்தான். "அந்தம்மாவா? ஓடற பஸ்ஸுல நின்னுகினு கண்ணை மூடிகினு அறுக்கச் சொல்லுங்க. அப்பவும் பை முழுசா வந்துடும்."

உமாராணியால் சிரிக்க முடியவில்லை. பத்து வருஷமாக அவளிடம் மீன் வாங்குகிறாள். ஒரு நாள், ஒரு துண்டு கசந்ததில்லை. 'கசக்கிறது' என்று பிளாக்குக்காரர்கள் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஒரு இலையைப் பார்த்ததும் பெரிய கண்டுபிடிப்பு என்று குதித்துவிட்டாள். முந்தாநாள் சீல் வைக்கும்போது சகாயமேரி கத்தவில்லை, அழவில்லை. கூட்டத்தில் நின்ற உமாராணியை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை இப்போது வந்து குத்தியது. அவமானத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது.

"மணி என்ன?"

"பன்னண்டரை."

"குரூப்பைத் திற. நீ வேவு பாக்கச் சேர்ந்தியே, அந்த குரூப்."

சைமன்ராஜ் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். தினமும் மீன். செவ்வாய் மீன், வெள்ளி மீன். திடீரென்று நிறுத்தினான். "இன்னாக்கா இது! போன ஞாயித்துக்கிழமை 'இன்று மீன் இல்லை'ன்னு போட்டுக்கிறான். ஞாயித்துக்கிழமை மீன் விக்காதவன் மீன்காரனா? நாங்க பூசை முடிஞ்சு மாதா கோயில் வாசல்லருந்து நேரா மீன் கடைக்குத்தான் போவோம். அன்னிக்கு லீவு வுட்டா எவனுக்கு வியாபாரம்?"

"வேற என்னைக்கு லீவு?"

"அதுக்கு ரெண்டு வாரம் முன்ன ஒரு சனிக்கெழமை. அதுக்கும் முன்ன ஒரு வெள்ளிக்கெழமை. மழையும் இல்ல, பந்த்தும் இல்ல."

உமாராணி எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். மூன்று தேதியிலும் ஒரே சொல் அச்சாகியிருந்தது. பிரதோஷம்.

"மீன் தின்றவங்க வெள்ளிக்கிழமை விடுவாங்க, அமாவாசை விடுவாங்க. பிரதோஷத்துக்கு யார் கவுச்சியை விடுறா?"

"கவுச்சியே தொடாதவங்க" என்றான் சைமன்ராஜ். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. "அக்கா... மீன் விக்கிறது ஒரு சைவமா?"

"அதனாலதான் பித்தப்பை எங்க இருக்குன்னே தெரியலை. அதனாலதான் பள்ளத்து ஜிலேபிக் கெண்டையைக் கடல் மீன்னு எழுதியிருக்கான். மீன் தின்னவன் யாரும் அந்தத் தப்பைப் பண்ண மாட்டான்."

அவளுக்கு ஒரு குரல் ஞாபகம் வந்தது. 'அம்மா, டைம் ஆபீஸ் குடுங்கம்மா. நாளைக்குப் பிரதோஷம், ஷிப்ட் மாத்தணும்.' மாதம் இரண்டு தடவை, வருஷக்கணக்காக, அவளே இணைப்புக் கொடுத்திருக்கிறாள். பழைய பள்ளத்து பம்ப் ஹவுஸிலிருந்து வரும் குரல். வேலி கேட்டின் சாவி இருக்கும் இடம் அது.

"வண்டியை எடு சைமா. நெல்லையப்பன் சார் வீட்டுக்குப் போறோம்."

"சிவன் கோயில்ல பொங்கல் குடுப்பாரே, அவரா! யக்கா, மறுபடியும் இலையைப் பாத்துட்டுக் காடுன்னு சொல்லலியே?"

அந்தக் கேலி அவளுக்கு வலித்தது. படியிறங்கினாள்.

நெல்லையப்பன் குவார்ட்டர்ஸில் பூவரசு மரம் காம்பவுண்டை ஒட்டி நின்றது. கைக்கு எட்டிய உயரம் வரைக்கும் கிளைகள் மொட்டையாக இருந்தன. அதைவிட வேடிக்கை, வாசலில் நின்ற ஸ்கூட்டர். அதன் நிழலில் மூன்று பூனைகள் தவம் கிடந்தன. நாலாவது சீட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"சைவ வூட்டு வாசல்ல பூனைங்க பஜனை பண்ணிகினு இருக்குது" என்று முணுமுணுத்தான் சைமன்ராஜ். பக்கப் பெட்டியின் மூடியில் மூக்கை வைத்தவன் பின்வாங்கினான். "சூடம். கிலோ கணக்குல சூடம். அதுக்கு அடியில நம்ப ஆளு, மீன்."

கதவைத் திறந்தவர் நெல்லையப்பனின் மனைவி திலகவதி. "வாங்க வாங்க. இந்தப் பூனைங்க எங்கிருந்துதான் வருதோ தெரியல, ஒரு மாசமா வாசலை விட்டுப் போகவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே காபி போட உள்ளே போனார்.

நெல்லையப்பன் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற பர்மனென்ட் சூப்பர்வைசர். உமாராணி அறிக்கை கொடுத்த அன்று கோயில் பிரசாதத்தோடு அவள் ஆபீஸ் படியேறி வந்து, 'நல்ல காரியம் பண்ணீங்கம்மா' என்று சொன்னவர். அன்று அவள் பூரித்துப் போனாள். அதை நினைக்க இன்னும் கேவலமாக இருந்தது.

"சார், மீன்ல இலையை எதுக்கு வெச்சீங்க?" என்று நேராகக் கேட்டாள்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "வாடை வரக்கூடாதுன்னும்மா."

"எப்படி ஆரம்பிச்சது?"

"கான்ட்ராக்ட் பசங்க ராத்திரி வலை போடுவானுங்க. நான் கண்டுக்காம இருந்தேன். என் பங்குன்னு பம்ப் ஹவுஸ் கதவுல மீனை மாட்டிட்டுப் போயிட்டானுங்க. மீனா குடுத்தா நான் என்ன பண்ணட்டும்? முதல்ல நாய்க்குப் போட்டேன். அப்புறம், வீணாப் போகுதேன்னு தோணிச்சு. போன்ல பாத்துப் பாத்து அறுத்தேன். பசங்கள்ல ஊருக்குப் போன ஒருத்தன் விட்டுட்டுப் போன சிம்ல குரூப் ஆரம்பிச்சேன்."

"அதுக்கு சகாயமேரி கடையைச் சீல் வெச்சிருக்காங்க."

"தெரியும்மா. ரெண்டு நாளாத் தூக்கமில்ல. அந்தம்மாவோட அபராதம் மொத்தத்தையும் நான் கட்டிடறேன். எவ்வளவானாலும் சரி. நீங்க கொண்டுபோய்க் குடுங்க. என் பேரு மட்டும் வேண்டாம்."

"வேலைக்குப் பயப்படறீங்களா?"

"வேலை போனாப் போகட்டும். சஸ்பெண்ட் பண்ணினா வீட்டுல உக்காந்துக்குவேன்." தன் கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். "பிரதோஷத்துக்கு நந்திக்குப் பால்குடம் எடுத்துக் குடுக்கற கை இது. இந்தக் கையா மீன் அறுத்துச்சுன்னு நாலு பேரு பாத்தா நான் எப்படிம்மா தெருவுல நடப்பேன்?"

உமாராணிக்கு அசிங்கமாக இருந்தது. திருடியதற்கு வெட்கமில்லை. ஊமையாக நின்று ஒருத்தியை மாட்டிவிட்டதற்கு வெட்கமில்லை. மீனைத் தொட்டதற்குத்தான் மனிதர் குன்றிப் போகிறார். அவரைத் திட்ட வாயெடுத்தாள். தான் எழுதிய அறிக்கை நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டாள்.

டம்ளர் ஒன்று தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. திலகவதி வாசற்படியில் நின்றிருந்தார்.

"வண்டிப் பெட்டியில எதுக்கு இவ்வளவு சூடம்னு கேட்டேன். கோயிலுக்குன்னு சொன்னீங்க." அவர் குரல் உயரவில்லை. "காபி ஆறிடும், குடிச்சிட்டுப் போங்க. போய்ச் சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க."

சமுதாயக் கூடத்தில் மேஜை போட்டு மீன்வள அதிகாரி சண்முகப்பிரியா உட்கார்ந்திருந்தார். வயதில் சின்னவர், வேலையில் கறார். பக்கத்தில் சகாயமேரியின் கடையில் பறிமுதல் செய்த ஐஸ் பெட்டியும் அருவாமனையும் இருந்தன. பிளாக்குக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில். சகாயமேரி தனியாக ஒரு ஓரத்தில், மடித்த முந்தானையோடு.

நெல்லையப்பன் முதலில் அவளிடம்தான் போனார். குனிந்து, கிசுகிசுவென்று, அபராதத்தைத் தானே கட்டிவிடுவதாகச் சொன்னார். சகாயமேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க கட்டுனாலும் ரசீது எம் பேர்லதானேங்க போடுவாங்க? கட்டிட்டா திருட்டு மீனு வித்தது நானுன்னு ஆயிப்பூடும். வேணாங்க" என்றாள்.

உமாராணி மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "மேடம், என் அறிக்கை தப்பு. சகாயமேரி மேல ஒரு குத்தமும் இல்ல. ஒரு இலையைப் பாத்து அவசரப்பட்டுட்டேன்."

பெஞ்சில் சலசலப்பு. நெல்லையப்பன் மெல்ல முன்னால் வந்தார். "அந்த மீனை வித்தது நான்தான்மா" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து கைகூப்பினார். "சார் மனசு யாருக்கு வரும்! ஏழைப் பொம்பளைக்காகப் பழியைத் தான் ஏத்துக்கறார் பாருங்க."

"ஆமா, வெங்காயம்கூட விரதத்தன்னிக்குத் தொடாத மனுஷன்" என்றார் இன்னொருவர்.

சண்முகப்பிரியா பேனாவை மூடி வைத்தார். "சார், உங்க நல்ல மனசு புரியுது. ஆனா இது விசாரணை. நீங்க மீன் அறுத்தீங்கன்னு நான் எழுதினா என் மேலதிகாரியே சிரிப்பார். உமாராணி மேடம், அன்னைக்கு இவங்கதான்னு சொன்னீங்க. இன்னைக்கு இவர்தான்னு சொல்றீங்க. எதை நம்பறது?"

பூனைகளையும் காலண்டரையும் சாட்சிக்கு அழைக்க முடியாது. நல்ல சாட்சியைச் சைமன்ராஜ் தின்றிருந்தான், மிச்சத் துண்டோ புளிக்குழம்பில் வெந்தது, சாட்சியாக நிற்காது. நெல்லையப்பன் முகத்தில் ஒரு கணம் நிம்மதி தட்டியதையும் அவள் பார்த்தாள். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, யாரும் நம்பவுமில்லை. இதைவிட வசதி வேறென்ன!

சகாயமேரி எழுந்து வந்தாள். ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு முழுக் கட்லாவை எடுத்தாள். அருவாமனையைத் தரையில் வைத்தாள்.

"ஐயா உக்காருங்க. அறுங்க."

நெல்லையப்பன் அதிகாரியைப் பார்த்தார். உமாராணியைப் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மீனை முதல் தடவை தொடுகிறவன் அதை வாலில் பிடிப்பான், வழுக்கும், கீழே விடுவான். அவர் விடவில்லை. செவுளுக்குள் விரலை மாட்டி இறுக்கிப் பிடித்தார். செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினார். பெஞ்சில் கைகூப்பியவர் கையைக் கீழே இறக்கினார். வயிற்றைக் கிழித்து, குடலை ஒரே பிடியாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். சட்டென்று ஏதோ உடைந்தது. பச்சை நீர் வயிற்றுச் சதை முழுக்கப் பரவியது.

"பித்தப்பை" என்றான் சைமன்ராஜ், இந்தத் தடவை கேலி இல்லாமல்.

மீன் வாங்கித் தின்ற பெண்மணி ஒருத்தி எழுந்து அருகில் வந்து பார்த்தார். "இதே கறைதான். எங்க வீட்டு மீன்லயும் இதே எடத்துல" என்றார்.

சண்முகப்பிரியா பேனாவைத் திறந்தார். இரண்டு அபராதமும் நெல்லையப்பன் பெயருக்கு மாறின. வலை போட்டவர்களின் பெயர்களையும் அவரே சொன்னார். கடையின் சீல் அகற்றும் உத்தரவை எழுதினார்கள். எழுதி முடியும் வரை நெல்லையப்பன் அருவாமனை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் கை உதவவில்லை.

சகாயமேரி தன் பையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு உருண்டைப் புளியும் எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "சோப்பு போட்டா வாடை போவாதுங்க. புளியைத் தேய்ச்சிக் கழுவுங்க. நாங்க அதான் செய்வோம்." சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "மீனைத் தொட்டதுக்கு நீங்க இவ்ளோ கூசிப்போறீங்க. என் பொழப்பே அதுதாங்க."

அவர் நிமிராமலே கையைக் கழுவினார்.

கூட்டம் கலைந்தது. உமாராணி சகாயமேரியின் பின்னாலேயே வாசல் வரைக்கும் போனாள். மன்னிப்பு என்ற சொல் வாய் வரைக்கும் வந்து வந்து போனது. "சகாயமேரி, நான் எப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"இருக்கட்டும் மேடம். கடை தொறந்தாச்சு. ஆனா வாங்கறவங்க வரணுமே? திருட்டு மீனுன்னு ஊரே பேசிகினு இருந்தாங்க. ஆர்டரை எவங்க படிக்கப்போறாங்க? நான் சொன்னா நம்ப மாட்டாங்க." அருவாமனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை. நீங்க வந்து எங் கடையில உக்காருங்க. வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் நீங்களே சொல்லுங்க, தப்பு உங்களுதுன்னு."

சைமன்ராஜ் ஏதோ சொல்ல வாய் திறந்தான். உமாராணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எத்தனை மணிக்கு வரட்டும்?"

"பூசை முடியறப்ப வாங்க. அப்பதான் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்."